குளத்துக்குக் குளம்: பறவைக் குழுவை எங்கே கொண்டுபோவது, போனில் எந்த ஆப்?

11 ஜூன் 2023

கேள்வி களக்காட்டு நண்பர் ஒருவருடையது. அவர் அனுப்பியபடியே போடுகிறேன்: "நம்ம பறவைக் குழுவை மையமில்லாத தளம் எதுக்காவது மாத்திரலாம்னு எல்லாரும் சொல்லுதீங்க. முதல்ல போன்ல வைக்க நல்ல ஆப் ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி. ஆப் சரியா இருந்தா சனம் தானா வரும்."

புதிதாக வருகிறவர்களுக்கு: மையமில்லாத தளம் என்றால் ஒரே கம்பெனி கையில் இல்லாமல், பல பேர் பல சர்வர்களில் நடத்துவது. நாங்கள் 43 பேர். பாளையங்கோட்டை, மேலப்பாளையம், நாங்குநேரி, களக்காடு என்று சிதறிக் கிடக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் குளக்கரையில் நின்று நாரை எண்ணுகிற கோட்டிக்காரக் கூட்டம். எட்டு வருடமாக ஒரு பெரிய கம்பெனியின் தளத்தில்தான் குழு இருந்தது. போன மாதம், கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை விட்டு மீன் எடுக்கும் படத்தை அந்தக் கம்பெனியின் இயந்திரம் 'வன்முறை' என்று தீர்மானித்து, ஒன்பது நாள் குழுவையே பூட்டி வைத்தது. யாரிடம் முறையிடுவது என்றே தெரியவில்லை. ஒரு படிவம் இருந்தது. நிரப்பினால் இன்னொரு படிவம் வந்தது.

இதே சமயத்தில், குழு குழுவாகப் பேசிக்கொள்ளும் ரெடிட் என்ற தளத்தில் வேறு கூத்து. வெளி ஆப்களுக்கு ஜூலை 1 முதல் கட்டணமாம். 5 கோடி அழைப்புக்கு (ஆப் தளத்திடம் ஒரு தடவை தகவல் கேட்டால் ஓர் அழைப்பு) 12,000 டாலர். ஐபோனில் பேர்போன அப்போலோ ஆப் மாதம் 700 கோடி அழைப்பு செய்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், வருடத்துக்கு 2 கோடி டாலர். அதைச் செய்த கிறிஸ்டியன் செலிக், ஜூன் 30 அன்று கடையைச் சாத்துவதாகச் சொல்லிவிட்டார். நாளை முதல் ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவடைக்கப் போகின்றன.

ஆகவே என் பதில்: நண்பர் சொல்வது சரி. நல்ல ஆப் முதலில். தேடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

13 ஜூன் 2023

லெம்மி என்று ஒன்று, ரெடிட் மாதிரியே, ஆனால் மையமில்லாதது. 2019 முதல் இருக்கிறது. பெயர் மோட்டர்ஹெட் என்ற ராக் இசைக்குழுவின் பாடகரிடமிருந்தும் ஒரு பழைய விளையாட்டிலிருந்தும் ஓர் எலி இனத்திலிருந்தும் வந்ததாக அதைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களே செய்த ஆண்ட்ராய்டு ஆப்புக்குப் பெயர் ஜெர்போவா. அதுவும் பாலைவனத்தில் தாவி ஓடும் ஒரு எலி. நாரை பார்க்கிறவர்கள் எலிக்கூட்டத்தில் போய்ச் சேர்வது பொருத்தம்தான்.

எப்படி வேலை செய்கிறது என்று எங்கள் ஆட்களுக்கு விளக்க நான் கண்டுபிடித்த வழி இது. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் திருநெல்வேலிக் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் எத்தனை குளம்! ஒவ்வொன்றுக்கும் தனிக் கரை, தனி மடை. நயினார்குளத்துக்கு ஒரு பஞ்சாயத்து என்றால் அடுத்த குளத்துக்கு வேறு பஞ்சாயத்து. ஆனால் ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். லெம்மியில் ஒவ்வொரு சர்வரும் ஒரு குளம். நீங்கள் ஒன்றில் பெயர் பதிகிறீர்கள், மற்றதில் நடப்பதை இங்கிருந்தே படிக்கலாம், பதில் போடலாம். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி ஆக்டிவிட்டிபப். 2018 ஜனவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதை முறையான தரமாக ஏற்றுக்கொண்டது. ட்விட்டர் மாதிரியான மாஸ்டடானும் இதே மொழிதான் பேசுகிறது.

நான் ஒரு சர்வரில் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். எதற்காகச் சேர்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதச் சொன்னார்கள். 'வாத்து எண்ணுவதற்கு' என்று எழுதினேன். இன்னும் பதில் இல்லை.

14 ஜூன் 2023

பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் காலையிலேயே போன். "மறுகால் மேலேருந்து கீழதான் போகும் வே. நீரு சொல்லுதது ரெண்டு பக்கமும் போகுது. உவமையை மாத்தும்." சரி, ஒத்துக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் பாயும் மறுகால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்றைக் கட்டினால் தன்னைத்தான் சஸ்பெண்ட் செய்திருப்பார்கள் என்கிறார்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அந்த நிர்வாகிக்கு வாத்து பிடிக்குமாம்.

25 ஜூன் 2023

ஒரு வாரம் வீணாகப் போனது. என் தவறுதான், ஆனால் இதே குழியில் நீங்களும் விழுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

கணக்குத் தொடங்கியதும் செட்டிங்ஸில் மொழி கேட்கிறது. பட்டியலில் தமிழ் இருப்பதைப் பார்த்ததும் மனசு குளிர்ந்து தமிழை மட்டும் தேர்ந்தெடுத்தேன். அதோடு தளமே காலியாகிவிட்டது. ஒரு பதிவு இல்லை. சர்வர் படுத்துவிட்டது என்று நினைத்தேன், ஆப்பைத் திட்டினேன், ஆப்பை நீக்கி மறுபடி போட்டேன். கடைசியில்தான் விளங்கியது. முக்கால்வாசிப் பேர் பதிவு போடும்போது மொழியைக் குறிப்பதே இல்லை. அப்படிப்பட்டவை 'மொழி தெரியாதவை' என்ற கணக்கில் சேரும். அந்தத் தெரிவையும் சேர்த்து 'டிக்' செய்யாவிட்டால் ஒன்றும் கண்ணில் படாது. கம்ப்யூட்டரில் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இரண்டையும் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று. குழுவின் முகவரியை ஆங்கில எழுத்தில் வைத்தேன், மேலே தெரியும் தலைப்பைத் தமிழில் வைத்தேன். நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒன்று நான். இன்னொன்று என் மருமகன், சேராவிட்டால் என் கடையில் ஓசி பிரிண்ட் கிடையாது என்று சொல்லியிருந்தேன்.

2 ஜூலை 2023

ஆப் பற்றி. இதற்காகத்தானே காத்திருந்தீர்கள்.

என் போன் நான்கு வருடப் பழசு, 3 ஜிபி ராம். அதில் ஓடினால் எதிலும் ஓடும். நான் பார்த்தது நான்கு விஷயம். படம் ஏற்ற வேண்டும். தமிழ் எழுத்து உடையக் கூடாது. எழுத்தின் அளவைப் பெரிதாக்க முடிய வேண்டும், ஏனென்றால் எங்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நான்காவதுதான் முக்கியம்: விஜயநாராயணம் குளக்கரையில் சிக்னல் போய்ப் போய் வரும், பாதி எழுதியது அழியக் கூடாது.

ஜெர்போவா எளிமையானது. அலங்காரம் கிடையாது. கூகுளைச் சாராத எஃப்-டிராய்டு என்ற ஆப் கடையிலும் கிடைக்கிறது, அதனால் கூகுள் கணக்கு வைக்காத நம் பேராசிரியருக்கும் ஒத்துவரும். தண்டர், கனெக்ட் இரண்டும் பார்க்க லட்சணம். ஐபோன்காரர்கள் இரண்டே பேர், அவர்களுக்கு எம்லெம்மும் மெம்மியும் இருக்கின்றன. நான் ஆச்சரியப்பட்டது வெஃப்வெஃப் என்ற ஒன்றைப் பார்த்து. அது ஆப்பே இல்லை, ஒரு வலைப்பக்கம். பிரௌசரில் திறந்து முகப்புத் திரையில் சேர்த்தால் ஆப் மாதிரியே நடந்துகொள்கிறது. அப்போலோவைப் பார்த்து வார்த்த மாதிரி. போனில் இடமே அடைக்கவில்லை.

ஒரு ஆப்பில் கொம்பும் சுழியும் மேல் வரியோடு முட்டிக்கொண்டு, 'கூழைக்கடா' யாரோ மிதித்த மாதிரி தெரிந்தது. பெயர் வேண்டாம், செய்கிறவர் சம்பளமில்லாமல் செய்கிறார். படம் பிடித்து அனுப்பினேன், பத்து நாளில் சரி செய்துவிட்டார். எட்டு வருடத்தில் பெரிய கம்பெனியிடமிருந்து இப்படி ஒரு பதில் வந்ததில்லை.

ஆகவே: பெரியவர்களுக்கு வெஃப்வெஃப், நோண்டிப் பார்க்கிறவர்களுக்கு ஜெர்போவா. இப்போதைக்கு.

3 ஜூலை 2023

சர்வரில் ஓடும் லெம்மி மென்பொருள் 0.17 பதிப்பில் இருந்து 0.18க்குப் போனதில், ஆப்போடு பேசும் முறையே மாறிவிட்டதாம். சர்வர் புதிது, ஆப் பழையது என்றால் திறக்காது. 'நேத்து நல்லாத்தானே இருந்துச்சு' என்று போன் பண்ணுகிறவர்கள் முதலில் ஆப்பை அப்டேட் செய்துவிட்டுப் போன் பண்ணவும்.

23 ஜூலை 2023

வெஃப்வெஃப் பெயரை வாயேஜர் என்று மாற்றிவிட்டார்கள். நல்லது. பழைய பெயரை எங்கள் ஆட்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, நாய்க்குட்டி குரைப்பது மாதிரி இருக்கிறது என்றார்கள்.

வேறு கவலை வந்திருக்கிறது. சில சர்வர்களின் முகவரி .எம்எல் என்று முடியும். அது ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுக்குரிய முடிவு, இலவசமாகக் கிடைத்ததால் பலர் எடுத்தார்கள். இந்த மாதம் மாலி அதன் நிர்வாகத்தைத் தன் கைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதில் ஒரு லெம்மி சர்வர் முகவரியை இழந்து நின்றது. இயந்திரம் இருக்கிறது, தரவு இருக்கிறது, வீட்டு எண்ணைக் காணோம்.

ஜூனில் இன்னொன்றும் நடந்தது. பீஹா என்ற சர்வர், லெம்மி.வேர்ல்டு உட்பட இரண்டு பெரிய சர்வர்களோடு உறவை முறித்துக்கொண்டது. திமுதிமுவென்று ஆட்கள் வந்து குவிந்தார்கள், கண்காணிக்க எங்களிடம் ஆளில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். நியாயம்தான். ஆனால் அந்தப் பக்கம் இருந்தவனுக்கு ஒரே இரவில் மடை அடைத்த மாதிரி.

ஆகவே ஜூன் 11இல் நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். ஆப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், இரண்டு நிமிட வேலை. சர்வர் அப்படியில்லை. யார் நடத்துகிறார், செலவு எங்கிருந்து வருகிறது, எத்தனை நிர்வாகிகள், இதை முதலில் பாருங்கள்.

18 ஆகஸ்ட் 2023

ரெடிட்டுக்கு இருந்த சிங்க் ஆப்பின் ஆசிரியர் லெம்மிக்கு வந்துவிட்டார். வழவழவென்று ஓடுகிறது. விளம்பரம் வருகிறது, காசு கட்டினால் போய்விடும். நான் கட்டவில்லை.

உறுப்பினர்கள் 11.

29 டிசம்பர் 2023

இரண்டு வாரமாக இந்தப் பக்கமே வரவில்லை. ஏன் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 17, 18 இரண்டு நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் ஆளுயரத் தண்ணீர். எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. கடையில் கீழ்த்தட்டில் இருந்த பேப்பர் கட்டெல்லாம் கூழ்.

மையமில்லாத தளம் என்று ஆறு மாதம் வாய் கிழியப் பேசினேன். டவர் படுத்தால் மையம் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன. 18ஆம் தேதி ராத்திரி ஆள் ஆளைத் தேடிக் கண்டுபிடித்தது, எதிர்வீட்டு மாடியிலிருந்து டார்ச் அடித்துத்தான். ஒருவர் மட்டும் பாக்கி இருந்தார். 20ஆம் தேதி சிக்னல் வந்ததும் அவரிடமிருந்து வந்த முதல் செய்தி சாதாரண எஸ்.எம்.எஸ்.: "உயிரோட இருக்கேன். குளக்கரை உடைஞ்சுட்டு."

வெள்ளத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் லெம்மி 0.19 வந்ததாம். இப்போதுதான் பார்க்கிறேன். இரண்டு நல்ல விஷயம். ஒன்று, கணக்கின் அமைப்புகளையும் சேர்ந்திருக்கும் குழுக்களின் பட்டியலையும் ஒரு கோப்பாக இறக்கி, வேறு சர்வரில் ஏற்றிக்கொள்ளலாம். இன்னொன்று 'ஸ்கேல்டு' என்ற வரிசை முறை. பெரிய குழுக்கள் திரையை அடைத்துக்கொள்ளாமல் சின்னக் குழுப் பதிவும் மேலே வரும். 19 பேர் இருக்கும் நமக்கு இது பெரிய விஷயம். எல்லாரும் வரிசையை இதற்கு மாற்றிவிடுங்கள்.

4 பிப்ரவரி 2024

கணக்கெடுப்பு முடிந்தது. 2011 முதல் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பைத்தான் சொல்கிறேன். வெள்ளத்துக்குப் பிறகு குளம் எல்லாம் கழுத்து வரை தண்ணீர். ஆழம் கூடினால் கரையோரம் அலகால் துழாவித் தின்கிற உள்ளான்களுக்கு இடமில்லை. எங்கள் குழு நின்ற குளத்தில் உள்ளான் இனங்களை விரல் விட்டு எண்ணிவிட்டோம்.

எண்ணிக்கையை லெம்மியில் போட்டபோது பின்லாந்துக்காரர் ஒருவர் வந்து கேள்வி கேட்டார். வேறு ஏதோ சர்வர். பழைய கம்பெனித் தளத்தில் எட்டு வருடத்தில் வெளியாள் ஒருவர் எட்டிப் பார்த்ததில்லை. 43 பேருக்குள்ளேயே நாங்கள் எழுதி நாங்களே 'அருமை' போட்டுக்கொண்டிருந்தோம். இதற்காகவே வந்தது வீண்போகவில்லை என்று தோன்றியது.

27 பிப்ரவரி 2024

மேலே எழுதியதைப் படித்துவிட்டு இதைப் படியுங்கள்.

புது உறுப்பினர், கல்லூரிப் பையன், கைவிட்ட கல்குவாரி ஒன்றில் கொம்பன் ஆந்தைக் கூட்டைக் கண்டுபிடித்தான். இரண்டு குஞ்சு. சந்தோஷத்தில் ஊர்ப்பெயர், வழி எல்லாவற்றோடும் பதிவு போட்டுவிட்டான். எந்த ஊர் என்று நான் இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஆந்தையைப் பிடித்து விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள், பூசைக்கு என்று. ஒன்றரை மணி நேரத்தில் நான் பார்த்து, அவனிடம் சொல்லி, அவனும் அழித்துவிட்டான்.

எங்கள் சர்வரில் போய்விட்டது. அப்பாடா என்று படுத்தேன். மறுநாள் தற்செயலாக வேறு சர்வர் ஒன்றின் பக்கத்தைத் திறந்தால் பதிவு அப்படியே இருக்கிறது, வழி உட்பட.

காரணம் சிக்கலானதில்லை. நம் பதிவு, நம் குழுவில் சேர்ந்த ஆட்கள் இருக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பிரதியாகப் போகிறது. நாம் அழித்தால் 'அழித்துவிடு' என்று ஒரு செய்தியும் பின்னாலேயே போகும். அது போய்ச் சேர்ந்தால்தான் உண்டு. அந்த நேரத்தில் அந்தச் சர்வர் மக்கர் செய்தாலோ, நிர்வாகி மதிக்காவிட்டாலோ பிரதி அங்கேயே கிடக்கும். நிர்வாகிக்கு மெயில் போட்டேன். நான்கு நாள் கழித்து எடுத்தார், மன்னிப்பும் கேட்டார். அதுவரை நானும் அந்தப் பையனும் மாற்றி மாற்றிச் சாயந்திரம் குவாரிப் பக்கம் வண்டியில் போய் நின்றோம்.

பையனை யாரும் திட்ட வேண்டாம். நான்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். எனக்கே தெரியாது.

இனி விதி: கூடு, அடையும் மரம், அரிய பறவை நிற்கும் இடம் எதுவும் குழுவில் எழுதக் கூடாது. கேமராவில் இருப்பிடத்தை அணைத்துவிட்டுத்தான் படம். தனிச்செய்தியிலும் வேண்டாம், லெம்மியில் தனிச்செய்தி மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யப்படுவதில்லை, தளமே எச்சரிக்கிறது. நேரில் சொல்லுங்கள். எந்தப் பதிவுக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்பதைக்கூட நிர்வாகிகள் பார்க்க முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மறுகால் உவமையை மாற்றச் சொன்னவர் இப்போது கூப்பிட்டுச் சொல்கிறார்: "தாண்டுன தண்ணி திரும்பாதுல்லா. அந்த மட்டுக்கு உம்ம உவமை சரிதான் வே."

9 மார்ச் 2024

குஞ்சுகள் பறந்துவிட்டன.

16 நவம்பர் 2024

நடுவில் ஒரு ஆராய்ச்சி. பைஃபெட் என்று இன்னொரு மென்பொருள், பைத்தானில் எழுதியது. லெம்மியோடு பேசும். கே-பின் என்று இதே வகையில் ஒன்று இருந்தது, அதைத் தனி ஆளாக நடத்தியவருக்கு முடியாமல் போய் நின்றுவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, 2023 அக்டோபரில், சிலர் அதைப் பிரித்து எம்பின் என்று வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். இன்டர்ஸ்டெல்லர் என்ற ஆப் எம்பின், லெம்மி இரண்டுக்கும் போகும். நான் மட்டும் வைத்திருக்கிறேன். மற்றவர்களைக் குழப்பவில்லை. 'மறுபடியும் மாறணுமா' என்று கேட்டால் அடி விழும்.

இப்போது என் போனில் நிலைத்திருப்பது வாயேஜர். சம்மிட் இரண்டாவது. ஒன்பது ஆப் மாற்றிய பிறகு சொல்கிறேன், பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே குளத்துக்கு ஒன்பது படித்துறை.

உறுப்பினர்கள் 26. 43 இல்லை.

8 ஜூன் 2025

இது வரும் என்று தெரியும், இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது. நாங்கள் இருந்த சின்னச் சர்வரின் நிர்வாகி, ஆகஸ்டோடு நிறுத்துவதாக எழுதியிருக்கிறார். வாத்துப் பிடித்தவர்தான். வேலை, குழந்தை, செலவு. குறை சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு வருடம் இலவசமாக இடம் கொடுத்தார். எங்கள் சின்ன இடம் மட்டுமில்லை, லெம்.ஈ என்ற பெரிய சர்வரே இந்த மாதக் கடைசியில் மூடுகிறது.

களக்காட்டு நண்பர் கேட்கிறார், 0.19இல் கோப்பாக இறக்கி ஏற்றலாம் என்று எழுதினீர்களே, அப்புறம் என்ன கவலை? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது ஆளை மாற்றும், குழுவை மாற்றாது. நீங்கள் எந்தெந்தக் குழுவில் இருந்தீர்கள் என்ற பட்டியல் புது இடத்துக்கு வரும். எழுதிய பதிவு வராது. குழுவின் முகவரியோ சர்வரோடு கட்டிப்போட்டது, சர்வர் போனால் அதுவும் போச்சு. மற்ற சர்வர்களில் பிரதி இருக்கும், படிக்கலாம். ஆனால் அங்கே பதில் போட்டால் அது அந்தச் சர்வரைத் தாண்டாது.

அதாவது, அழிக்க நினைத்த ஆந்தை போகமாட்டேன் என்றது. வைத்துக்கொள்ள நினைத்த இரண்டு வருடக் கணக்கு தங்கமாட்டேன் என்கிறது.

21 ஜூன் 2025

கல்லூரிப் பையன் (இப்போது வேலைக்குப் போகிறான், கங்கைகொண்டானில்) இரண்டு ராத்திரி உட்கார்ந்து குழுவின் எல்லாப் பதிவையும் ஏ.பி.ஐ. (மென்பொருள்கள் தளத்திடம் தகவல் கேட்கும் வாசல்) வழியாக இறக்கிவிட்டான். 1,100 சொச்சம். படங்கள் தனி. நான் கணக்கெடுப்பு அட்டவணைகளை மட்டும் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறேன், மேல்த்தட்டில்.

புதுச் சர்வர் பார்த்தாகிவிட்டது. மூன்று நிர்வாகிகள், வரவு செலவை மாதாமாதம் வெளியிடுகிறார்கள். நாங்களும் தலைக்கு வருடம் 100 ரூபாய் போட்டு அனுப்புவதாக ஏற்பாடு. புதுக் குழுவைத் தொடங்கிப் பழையதில் முகவரியை ஒட்டிவிட்டேன். புதுச் சர்வரிலிருந்து முதல் ஆள் வேறு குழுவில் சேரும்போது அங்கிருந்து சமீபத்துப் பதிவுகள் கொஞ்சம்தான் வரும், பழையது வராது. காலியாகத் தெரிகிறதே என்று பதற வேண்டாம்.

6 ஜூலை 2025

26இல் 22 பேர் வந்துவிட்டார்கள். வராத நான்கில் ஒருவர் நாங்குநேரிப் பெரியவர். நாற்பது பக்க நோட்டுகளில் பேனாவால் எழுதுகிறவர். எட்டு வருடக் கம்பெனித் தளம், இரண்டு வருட லெம்மி, இரண்டிலும் அவருக்காக வேறு யாராவதுதான் தட்டச்சு செய்தோம். வீட்டுக்குப் போய் வாயேஜரைப் போட்டுக் கொடுத்து, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எத்தனை நாளைக்குல?" என்றார்.

தெரியவில்லை என்றேன். நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார். 2009இல் தொடங்குகிறது. கடையில் ஸ்கேன் போடுகிறேன், இன்றைக்கு 60 பக்கம் முடிந்தது. வரித்தலை வாத்து கூந்தன்குளத்துக்கு வந்த தேதி வருடா வருடம் இருக்கிறது. அவர் கையெழுத்தில் 3க்கும் 5க்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் யாராவது ஞாயிறு சாயந்திரம் கடைப்பக்கம் வாருங்கள். காலையில் நயினார்குளம், ஆறு மணி.